திண்ணையுள்ள தெருக்கள்

கடற்கரை ஊர்களில் பிறந்து வளர்ந்த வாசகர்களுக்குத் திண்ணையின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் மாநகரில், சிக்னல் குன்றின் சரிவில் அமைந்த போ-காப் என்னும் முஸ்லிம் குடியிருப்புக்கு நீங்கள் செல்வீர்களாயின், அங்கும் பல வீடுகளின் முன்னே அத்தகைய மேடையைக் காண்பீர்கள். அவர்கள் அதனை ‘ஸ்டூப்’ என்பர்.

வேல் தெருவின் 71ஆம் எண் வீட்டைப் பாருங்கள். 1760களில் யான் டி வால் என்பவர் கட்டிய ஒற்றைத்தள வீடு அது. பழைய முகப்பு பெரிதும் மாறாத அவ்வீடு, 1978இல் அருங்காட்சியகமாக்கப்பட்டது.

இங்கு வேரூன்றிய மக்களின் முன்னோர் தாமாக வந்தவரல்லர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும், வங்கம், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகிய இடங்களிலிருந்தும் அடிமைகளாகவும் அரசியல் கைதிகளாகவும் கொண்டுவந்தவர்கள். திதோர் தீவின் இமாம் அப்துல்லாஹ் அவர்கள் 1780இல் கொண்டுவரப்பட்டு, ராபன் தீவில் சிறை வைக்கப்பட்டார்கள். ‘துவான் குரு’ என மக்கள் போற்றிய அப்பெரியார், திருக்குர்ஆன் முழுவதையும் தம் நினைவிலிருந்தே எழுதினார்கள். விடுதலைக்குப் பின் டோர்ப் தெருவில் மத்ரஸா நடத்தினார்கள். அங்கே எழுந்த அவ்வல் பள்ளிவாசலே தென்னாப்பிரிக்காவின் முதல் பள்ளிவாசலாகும். அந்த இடம் யாருடையது தெரியுமா? விடுதலை பெற்ற அடிமையான ‘இலங்கைக் கோரிடன்’ என்பவரின் குடும்பத்திற்கு உரியது. அவருடைய மகள் சார்ட்ஜியின் பெயர் இன்றளவும் அப்பள்ளியின் வரலாற்றோடு இணைந்து நிற்கிறது.

நமக்கு அரபுத் தமிழ் வாய்த்தது போன்று, அவர்களும் ஆப்ரிகான்ஸ் மொழியை அரபு எழுத்தில் எழுதினர். துருக்கி சுல்தானால் 1862இல் அனுப்பப்பட்ட அபூபக்கர் எஃபெந்தி அவர்கள் அவ்வாறு எழுதிய மார்க்கச் சட்ட நூல், 1877இல் இஸ்தான்புல்லில் அச்சாயிற்று. நம் கடற்கரை ஊர்களைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபும் அங்கே வேரூன்றியுள்ளது.

நிறவெறி அரசு 1966இல் அருகிலிருந்த ‘ஆறாம் வட்டாரத்தை’ வெள்ளையருக்கென அறிவித்து, அங்கு வாழ்ந்த பல்லாயிரவரை வெளியேற்றியது. போ-காப்போ 1957இலேயே ‘மலாய்’ மக்களின் பகுதியென ஒதுக்கப்பட்டிருந்ததால் முஸ்லிம்கள் அங்கு தங்க முடிந்தது. அவ்வாறு ஒதுக்கப்படாத இனத்தவரோ அண்டை வீட்டாராக வாழ்ந்தும் வெளியேற நேர்ந்தது.

சட்டத்தால் பெயராத குடும்பங்களை இன்று பணம் பெயர்க்கிறது. வண்ணம் பூசிய வீடுகளைக் காணப் பயணிகள் குவிகின்றனர். நிலத்தின் விலை ஏறுகிறது. அதனோடு வரியும் ஏறுகிறது. அதைத் தாங்காதோர் விற்றுவிட்டுப் புறநகர் செல்கின்றனர். உயர்ந்த கட்டடங்களை எதிர்த்து 2018இல் மக்கள் தெருவில் இறங்கினர். மறு ஆண்டு, அப்பகுதியின் 19 இடங்கள் தேசிய மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

ஆயினும், அன்பர்களே, அரசாணை சுவரைக் காக்கும்; அண்டை வீட்டாரைக் காக்குமா? பாங்கோசை கேட்டு எழுந்து செல்வோர் இல்லையேல் பள்ளிவாசலும் பார்வைப் பொருளாகிவிடாதா? வாரிசுகள் ஆளுக்கொரு திசையில் வாழ, நம் ஊர்களிலும் பூர்விக வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பத்திரத்தில் கையொப்பமிடுமுன், திண்ணையையும் தெருவையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வீட்டிற்கு விலை பேசலாம். அத்தெருவில் தலைமுறைகளாய் வளர்ந்த உறவுக்கு எவர் விலை கூறுவார்?