ஊசிக்கு முந்தைய வேலை

பத்து நிமிடத்தில் முடியப்போகிற ஒரு பெயருக்கு அரை மணி நேரம் ஆயத்தம் நடந்தது. மதுரையில், ஜவுளிக்கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது அந்த டாட்டூ கடை. நடத்துபவர் முப்பதைத் தாண்டிய பெண். நாற்காலியையும் கைவைக்கும் பலகையையும் கிருமிநாசினி கொண்டு துடைத்தார். விளக்கின் கழுத்து, மெஷின் ஒயர், தண்ணீர் பீச்சும் பாட்டில் என்று வேலைக்கு நடுவே கை படக்கூடிய எல்லாவற்றையும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றினார். வாசலினை விரல்விட்டு எடுக்காமல் புதிய ஐஸ் குச்சியால் வழித்து வைத்துக்கொண்டார். பெரிய பாட்டிலிலிருந்து சின்னக் குப்பியில் சில சொட்டு மை. மிச்சமானால் அது திரும்பப் பாட்டிலுக்குள் போகாது, குப்பைக்குத்தான்.

வந்திருந்தவன் கல்லூரிப் பையன். மணிக்கட்டுக்கு மேலே அம்மா பெயர் வேண்டும். ஆதாரைப் பார்த்து வயது பதினெட்டு முடிந்துவிட்டதா என்று சரிபார்த்த பிறகு படிவத்தை நீட்டினார். சர்க்கரை உண்டா, மஞ்சள்காமாலை வந்ததுண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாயா, காயம் பட்டால் தழும்பு தடித்து வளருமா என்று வரிசையாகக் கேள்விகள். கடைசிக் கேள்வி படிவத்தில் இல்லை.

“சாப்ட்டியா தம்பி?”

“இல்லக்கா. முடிச்சிட்டுப் போயி சாப்பிடலாம்னு...”

“கீழ போயி நாலு இட்லி சாப்ட்டு வா. அப்புறம் பாப்போம்.”

பையன் இறங்கிப் போனதும் என் பக்கம் திரும்பினார். “வெறும் வயித்தோட வந்து மயங்கி விழுறதுதான் சார் இங்க அதிகமா நடக்குறது. மத்ததெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு வரும்.”

அந்த ‘மத்ததெல்லாம்’ என்ன என்பதற்காகத்தான் நான் போயிருந்தேன். மேல்தோல் உதிர்ந்துகொண்டே இருப்பது. அதில் மை நிற்காது. அதற்குக் கீழே ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் அடுக்கில்தான் நிற்கும். அங்கே ரத்த நாளங்கள் உண்டு. ஆக, சின்னப் பெயர் எழுதினாலும் ஊசி ஆயிரக்கணக்கான தடவை ரத்தத்தைத் தொட்டு வருகிறது. மஞ்சள்காமாலையைத் தரும் ஹெபடைடிஸ்-பி கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த பரப்பிலும், குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும். பளபளவென்று இருக்கும் மேசையைப் பார்த்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. நியூயார்க் நகரம் இந்த மஞ்சள்காமாலையைக் காரணம் காட்டித்தான் 1961-இல் பச்சை குத்துவதற்கே தடை போட்டது. தடை நீங்க 1997 ஆயிற்று.

பையன் திரும்பி வந்தான். ஊசி கார்ட்ரிட்ஜின் உறையை அவன் கண்முன்னே பிரித்து, அதிலிருந்த காலாவதித் தேதியையும் காட்டினார். கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சவ்வு இருக்கிறது. மையும் ரத்தமும் பின்னோக்கி மெஷினுக்குள் ஏறாமல் அது தடுக்கும். மலிவான சரக்கில் அந்தச் சவ்வு இருக்காதாம். வேலை நடுவே போன் அடித்தது. உதவியாளர் எடுத்து அவர் காதில் வைத்தார். கிளவுஸ் போட்ட கையால் போனைத் தொட்டால் அந்தக் கிளவுஸ் அத்துடன் சரி. கிளவுஸ் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் ஊரையெல்லாம் தொடுகிறவர்களைவிட வெறுங்கையோடு பயந்து வேலை செய்கிறவர் மேல் என்று எனக்குத் தோன்றியது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை; இரண்டுமே கூடாது என்றார்.

ஊசி சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. 2011-இல் நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டரில் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் மைக்கோபாக்டீரியத் தொற்று வந்தது. கடைக்காரர் மேல் தப்பில்லை. கம்பெனியிலிருந்து கலந்து வந்த சாம்பல் நிற மையே கெட்டிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மையில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. நம் ஊரில் பாட்டிலின் மேல் ஒட்டியிருப்பதைப் படித்து நம்ப வேண்டியதுதான்.

நம்முடைய பழைய முறையில் மை அங்கேயே தயாரானது. குறத்திகள் மஞ்சளையும் அகத்திக்கீரையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, அந்தக் கரியைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்ததாக இனவியலாளர் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியக் குலங்களைப் பற்றி 1909-இல் வெளிவந்த தொகுதிகளில் எழுதியிருக்கிறார். அந்தக் கைவேலையின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒரே ஊசிக்கட்டு தெரு முழுக்கச் சுற்றியதை மரபு என்று சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை. இன்றும் சில திருவிழாக் கூட்டங்களில், பேட்டரியில் ஓடும் மெஷினோடு, அதே கதை தொடர்கிறது.

காது, மூக்கு குத்துவது உள்ளறையில். அலமாரியில் பிளாஸ்டிக் துப்பாக்கி ஒன்று இருந்தது. வருகிறவர்களிடம் ‘இது வேண்டாம்’ என்று காட்டுவதற்காகவே வைத்திருக்கிறாராம். அது மொண்ணைத் தோட்டைச் சதைக்குள் அறைந்து ஏற்றுகிறது. ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வைத்தால் உருகிவிடும் என்பதால் அதை முழுதாகச் சுத்திகரிக்கவும் முடியாது. கீழ்க்காதில் பிழைத்துக்கொள்ளலாம். மேல்காதுக் குருத்தெலும்புக்குத் தனியே ரத்த ஓட்டம் கிடையாது. அங்கே சீழ் பிடித்தால் மருந்து போய்ச் சேர்வதே சிரமம், காதுமடல் சுருங்கிப்போகும். அதனால் உள்ளே துளையுள்ள ஒருதடவை ஊசி, உடம்புக்குள் பொருத்தும் தரத்து டைட்டானியக் கம்மல்.

இதில் எதையும் செய்யச் சொல்லி அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. டாட்டூ கடைகளுக்கென்று இந்தியாவில் தனி மத்தியச் சட்டம் கிடையாது. பிரிட்டனில் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பச்சை குத்துவது 1969 முதல் குற்றம். வேல்ஸில் 2024 நவம்பர் முதல் குத்துகிறவருக்கே உரிமம் வேண்டும். தொற்றுத் தடுப்பில் தேர்ச்சி பெற்றால்தான் அது கிடைக்கும். அதற்கு அடுத்த மாதம் திருச்சியில், நாக்கைப் பிளந்துவிட்ட ஒரு டாட்டூ கடைக்காரரைப் போலீஸ் கைது செய்தது. கடைக்குச் சீல் வைத்தார்கள். ஏதாவது நடந்த பிறகுதான் நம் ஊரில் ஆள் வருவார்கள். ரத்த தானத்துக்குப் போனால் மட்டும் நம் விதி விழித்துக்கொள்கிறது: பச்சை குத்தியிருந்தால் ஓராண்டு பொறுத்து வா.

அடுத்த தெருவில் பாதி விலைக்குக் குத்துகிறார்கள் என்று பேரம் பேசுகிறவர்கள் நாள்தோறும் வருகிறார்கள். அந்த மிச்சப் பாதிதான் பிளாஸ்டிக் தாள், புது ஊசி, கொட்டிவிடும் மை எல்லாம். சட்டம் வந்தால் தன் தொழிலுக்குக் கெடுதல் என்று அவர் நினைக்கவில்லை. இப்போது தான் மட்டும் செலவு செய்வதுதான் கெடுதல் என்கிறார்.

கிளம்பும்போது மேசைக்கடியிலிருந்த வெள்ளை டப்பாவைக் காட்டினார். பயன்படுத்திய ஊசிகளைப் போடுகிற, குத்தினால் துளை விழாத டப்பா. 2016-இன் மருத்துவக் கழிவு விதிகள் சொல்வது இதைத்தான். ஆனால் அந்த விதிகளின் பட்டியலில் மருத்துவமனை, கிளினிக், ஆய்வகம், ரத்த வங்கி, கால்நடை மருத்துவமனை வரை இருக்கிறதே தவிர, பச்சை குத்தும் கடை பெயர் சொல்லி இல்லை. காலி டப்பா ஆன்லைனில் கிடைக்கும். நிரம்பியதை வாங்கிக்கொள்ள ஆளில்லை. தெரிந்த பல் டாக்டர் ஒருவரிடம் கெஞ்சி, அவர் கிளினிக் கழிவோடு சேர்த்து அனுப்புகிறார்.

“லைசென்ஸ் குடுக்கட்டும் சார், பரீட்சை வைக்கட்டும், எழுதுறேன். கூடவே இந்த டப்பாவ எடுத்துட்டுப் போக ஒரு வண்டியும் அனுப்பட்டும்.”