தறி வீட்டுக்கு வாக்குவம் கிளீனர் சரிப்படுமா?

ஆண்டிபட்டி பக்கம் சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரத்தில் தறி ஓடுகிற வீடுகளைப் பாருங்கள். காலையில் பெருக்கினால் மதியமே பஞ்சுப் பிசிறு கிடக்கும். விளக்குமாறு கொஞ்சத்தை வாரும். மீதி பறந்து பெருக்குகிறவர் மூக்கில் ஏறும்.

1907-ல் அமெரிக்காவின் கேன்டன் நகரில் கடை பெருக்கிய ஜேம்ஸ் முரே ஸ்பாங்க்ளருக்கும் இதே தொல்லைதான். ஆஸ்துமாக்காரர். மின்விசிறி மோட்டார், விளக்குமாற்றுக் கட்டை, தலையணை உறை இவற்றைச் சேர்த்து தூசி உறிஞ்சும் மெஷின் செய்துவிட்டார்!

இப்போது 3000 ரூபாய்க்குள்ளேயே ஒயர் வைத்த ஸ்டிக் வாக்குவம் கிடைக்கிறது. கரண்ட் செலவும் பெரிதில்லை. 600 வாட் மெஷின் தினம் 10 நிமிடம் ஓடினால் மாதத்துக்கு 3 யூனிட். சிமெண்ட் தரை, சுவர் மூலை, கட்டிலுக்கு அடி எல்லாம் நன்றாக எடுக்கும்.

சிக்கல் டப்பாவில்தான். ரொம்பச் சின்னது. பிசிறு ஃபில்டரை அடைத்தால் இழுவை போச்சு. தினமும் வாசலில் வைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு தட்ட வேண்டும். நீளமான நூலை முதலிலேயே கையால் பொறுக்கிவிட வேண்டும். ஃபில்டர் மட்டமாக இருந்தால் நுண்தூசி பின்பக்கமாக வீட்டுக்குள்ளேயே திரும்பிவிடும். அதற்கு ஈரத்துணி போட்டுத் துடைப்பதே மேல்.

ஆக, வேலை குறையும் என்று வாங்கினால் ஏமாற்றம்தான். மூச்சோடு உள்ளே போகிற தூசி குறையட்டும் என்று வாங்கினால், ஃபில்டரைப் பார்த்து வாங்குங்கள்.