அசைவும் ஒரு படிப்புதான்!



"டிப்ளமோ முடிச்சுட்டு என்னப்பா பண்ணப் போற?" - மூன்றாம் ஆண்டு மாணவனைக் கண்டால் ஊரே கேட்கும் கேள்வி இது. நம்மில் பலருக்குப் பதில் தயாராக இருக்கிறது. ஓசூர், கோவை, ஸ்ரீபெரும்புதூர்! நான் "டாக்டர் பட்டம்" என்றேன். கேட்ட பெரியவர் சிரித்துவிட்டார். "அதுக்கு ஊசி போடுற படிப்புல்ல படிக்கணும்?" என்றார். டீக்கடையில் அவருக்கு விளக்க முடியாததை இங்கே உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் சொன்னது கைனீசியாலஜி. மனித உடல் எப்படி அசைகிறது என்று ஆராயும் படிப்பு. எலும்பு, தசை, மூட்டு, அவற்றின் மேல் விழும் விசை எல்லாம் அதில் அடக்கம். "மெக்கானிக்கல் பையனுக்கு இது எதுக்கு?" என்கிறீர்களா? கையில் பத்துக் கிலோவை முழங்கை மடித்துப் பிடித்துப் பாருங்கள். மேற்கைத் தசை, முழங்கை மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளித்தான் எலும்பில் ஒட்டியிருக்கிறது. சுமையோ சுமார் 35 செ.மீ. தள்ளி இருக்கிறது. மொமென்ட் கணக்குப் போட்டால், அந்தத் தசை எழுபது கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும்! நாம் படித்த அதே நெம்புகோல்தான் நண்பர்களே, நம் தோலுக்குள்ளே இருக்கிறது.

என் அப்பா மதுரையில் மூட்டை தூக்குபவர். "லாரியில ஏறுறது கஷ்டமில்லப்பா, பலகையில எறங்குறதுதான் முட்டி வலிக்குது" என்பார். சோம்பலுக்குச் சொல்லும் சாக்கு என்று சிலர் பேசுவார்கள். ஆனால் அளந்து பார்த்தவர்கள் சொல்வது வேறு. சமதரையில் நடக்கும்போது முழங்கால் மூட்டில் உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு விசை விழுகிறது. படி இறங்கும்போது மூன்று மடங்கையும் தாண்டுகிறது. தலையில் மூட்டையும் இருந்தால்? அப்பா சொன்னது சாக்கு அல்ல, உண்மை! படிக்காத மனிதரின் முட்டிக்குத் தெரிந்ததைப் படித்தவன் கணக்கில் எழுத வேண்டும். என் ஆசை இவ்வளவுதான்.

சரி, வழி என்ன? விசாரித்ததில் இரண்டு பாதைகள் தெரிந்தன.

முதலாவது உடற்கல்விப் பாதை. நம் நாட்டில் கைனீசியாலஜி பெரும்பாலும் உடற்கல்விக்குள் ஒரு பாடமாக, ஓர் ஆராய்ச்சிப் பிரிவாகத்தான் வருகிறது. 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கிய, இப்போது சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி இத்துறையில் மூத்தது. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் நமக்கு இருக்கிறது. இப்பாதையில் முதலில் ஒரு பட்டம், பிறகு பி.பி.எட். இரண்டு வருஷம், எம்.பி.எட். இரண்டு வருஷம், அதற்குமேல் ஆராய்ச்சி. விளையாட்டிலும் தகுதி காட்ட வேண்டும்.

இரண்டாவது நம் பாதை. டிப்ளமோவிலிருந்து நேராக பி.இ. இரண்டாம் ஆண்டு, மூன்று வருஷம். பிறகு மெக்கானிக்கல் அல்லது பயோமெடிக்கலில் முதுகலை, இரண்டு வருஷம். அப்புறம் உடலியக்கத்தில் ஆராய்ச்சி. இது கனவு அல்ல. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வு மையம் உருவாக்கிய 'கதம்' என்ற செயற்கை முழங்கால் 2022-ல் வெளிவந்தது. ஒரே அச்சில் சுழலாமல் பல அச்சில் சுழலும் மூட்டு அது. நாம் அட்டையும் ஆணியும் வைத்துச் செய்து பார்க்கும் நாலு தண்டு இணைப்பு இருக்கிறதே, அவ்வகை மூட்டுகளுக்கு அதுதான் அடிப்படை!

2022-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிப்படி முதுகலை முடித்து பிஎச்.டி.யில் சேர அதில் 55 சதவீதம் வேண்டும்; பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் முதலியோருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. ஆராய்ச்சிக்குக் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. ஆக இரண்டாம் பாதையில் எனக்கு இன்னும் எட்டு வருஷமாவது ஆகும். முதல் பாதையில் பத்து.

எட்டு வருஷம்! அம்மா கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். தங்கை பத்தாம் வகுப்பு. நான் சம்பாதித்தால் அவள் படிப்பாள். நான் படித்துக்கொண்டே இருந்தால்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் என் ஆசைக்கு மரியாதை இல்லை. ஆகவே ஒரு தாளில் கணக்கு எழுதினேன். பி.இ. மூன்று வருஷம்தான் வீட்டுக்குப் பாரம். அதற்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான அரசின் கட்டணச் சலுகையைக் கேட்கலாம். பிறகு கேட் தேர்வில் தேறி முதுகலையில் இடம் கிடைத்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அதற்குப் பின் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டும் தேர்வெழுதி வாங்க வேண்டியவை, சும்மா வருவதில்லை. கேட் கிடைக்காவிட்டால் பி.இ. முடித்ததும் வேலைக்குப் போய்த் தங்கையைப் படிக்க வைப்பேன், ஆராய்ச்சி அதற்கப்புறம் என்றும் அதே தாளில் எழுதினேன்.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மூணு வருசம் நான் தூக்கிருவேன். அதுக்கு மேல நீ தூக்கு. தங்கச்சிய மட்டும் விட்றாத" என்றார். இதைவிடப் பெரிய நிபந்தனை எந்தப் பல்கலைக்கழகத்திலும் இருக்காது என்று நினைக்கிறேன்.

எங்கள் கீழக்குயில்குடி சமணர் மலையில், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சிற்பங்களின் கீழே வட்டெழுத்து இருக்கிறது. இன்னாரின் மாணாக்கர் இன்னார் செய்வித்தது என்று பாறையில் வெட்டியிருக்கிறார்கள். ஆசிரியர் பெயரோடு தன் பெயரைச் சேர்த்து எழுதுவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. அந்த மலையடியில் பிறந்து, பரம்பரையில் முதன்முதலாகப் படிக்க வந்த எனக்கும் ஒரு ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அப்படி ஓரிடம் கிடைக்காமலா போகும்?

நண்பர்களே! பெரிய படிப்பு நமக்கில்லை என்று நாமே கதவைச் சாத்த வேண்டாம். எத்தனை வருஷம், எவ்வளவு பணம், எந்தத் தேர்வு, கிடைக்காவிட்டால் என்ன செய்வது - நாலையும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதிய தாளை வீட்டில் காட்டுங்கள். வெறும் ஆசைக்குத் தலையாட்டாத வீடும் கணக்குக்குக் காது கொடுக்கும்!