வாலைப் பிடித்தவன்

பாம்பென்றால் எனக்குப் பயம். என் கதைகளில் ஒன்றிரண்டு பாம்புகள் வந்ததுண்டு. அவை நான் சொன்ன இடத்தில் படமெடுத்துவிட்டு, சொன்ன இடத்தில் புற்றுக்குள் போய்விட்டன. ஊரில் எங்கள் கொல்லைப்புறத்துக்கு ஒரு சாரைப்பாம்பு வந்தபோது நான் பெஞ்சின் மேல் ஏறி நின்றதையும், என் மனைவி துடைப்பக்கட்டையால் அதை வேலிக்கு அப்பால் விரட்டியதையும் என் குழந்தைகள் இன்னும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நான் ஒரு நாள் பதின்மூன்று அடி மலைப்பாம்பின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பாவிட்டாலும் குற்றமில்லை, நானே பல நாள் நம்பவில்லை.

2018-ஆம் ஆண்டு அமெரிக்காவில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். புளோரிடா மாநிலத்தின் தென்கோடியில் ஹோம்ஸ்டெட் என்ற ஊர். அங்கிருந்து மேற்கே போனால் எவர்கிளேட்ஸ் என்னும் மாபெரும் சதுப்பு வனம். போன அன்றைக்கே தங்கை எச்சரித்தாள்:

"அடுத்த வீட்டுப் பக்கம் போகாதே, அண்ணா. அந்தப் பெரியவர் வீட்டுக்குள்ளேயே மலைப்பாம்பு வைத்திருக்கிறார்."

நான் போகவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்தார். எழுபது வயதிருக்கும், ஒல்லியான நெடிய உருவம்.

"நீங்கள் தமிழ்நாடாமே?" என்று கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண்களில் அப்படியொரு மரியாதை! என் நாவல்களுக்குக் கூட யாரும் இவ்வளவு மரியாதை காட்டியதில்லையே என்று நினைத்தேன். காரணம் பிறகுதான் தெரிந்தது.

முந்தைய ஆண்டு, 2017 ஜனவரியில், நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் இருவர், மாசி சடையனும் வடிவேல் கோபாலும், புளோரிடா அரசாங்கத்தின் அழைப்பில் அங்கே போயிருந்தார்கள். வளர்க்க ஆசைப்பட்டவர்கள் வாங்கி வளர்த்து, பெரிதானதும் காட்டில் விட்ட பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸில் பெருகி, ரக்கூன் முதலிய பிராணிகளை அநேகமாகத் தின்று தீர்த்துவிட்டன. படித்த நிபுணர்கள் தேடிக் களைத்த இடத்தில், இந்த இருவரும் இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்று பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று பதினாறடிப் பெண் பாம்பு. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆக, தமிழன் என்றால் பாம்பு பிடிப்பவன் என்று பெரியவர் முடிவு கட்டிவிட்டார். நான் எவ்வளவு மறுத்தும் அதை அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்.

"ஓர் அரைமணி நேரம் வந்தால் போதும். கூண்டைக் கழுவ வேண்டும். தனியாகத் தொடக்கூடாது என்பது சட்டம்" என்றார்.

"எந்தச் சட்டம்?"

"பாம்பு வளர்ப்பவர்களின் சட்டம். எட்டடிக்கு மேல் வளர்ந்துவிட்டால் ஒற்றை ஆளாகக் கை வைக்கக் கூடாது. ஐந்தடிக்கு ஓர் ஆள் என்பது கணக்கு. எங்களுக்கு மூன்று பேர் வேண்டும். நானும் என் மனைவியும் இருவராகவே சமாளித்தோம்." சற்று நிறுத்திவிட்டு, "அவள் போய் ஏழு மாதமாகிறது" என்றார்.

இதற்குப் பிறகு எப்படி மறுப்பது? தங்கை முறைத்தாள். நான் போனேன்.

கூண்டு ஓர் அறையில் பாதியை அடைத்திருந்தது. உள்ளே எண்பது பவுண்டு எடை, பழுப்பும் பொன்னுமாகச் சுருண்டு கிடந்தது. பெரியவர் முதலில் என்னைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார். அதற்கு முயல் தீனி. கையில் அந்த வாடை இருந்தால் கையையும் தீனி என்று நினைத்துவிடும். அறைக்கதவைச் சாத்தாமல் திறந்து வைத்தார். தொலைபேசியை என் சட்டைப் பையில் போடச் சொன்னார். நீண்ட கொக்கி ஒன்றை நீட்டிப் பாம்பின் கழுத்தருகே மெதுவாகத் தடவினார். இது சாப்பாட்டு நேரமல்ல என்று அதற்குச் சொல்வதாம்.

"தோளில் போட்டுக்கொள்ளக் கூடாது. எங்காவது சுற்றிக்கொண்டால் தலையைப் பிடித்து இழுக்கக் கூடாது. வாலிலிருந்து பிரிக்க வேண்டும். அது உங்கள் வேலை" என்றார்.

அவர் முன்பாதியைத் தாங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டு பின்பாதியைத் தாங்கினேன். ஈரமாக, வழுக்கலாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். இல்லை, உலர்ந்து, மழமழவென்று இருந்தது. தோலுக்கடியில் தசை நகர்வது உள்ளங்கையில் தெரிந்தது. உதறலில் என் பிடி நழுவியது. பாதி உடல் தரையை நோக்கிச் சரிந்தது. அவ்வளவுதான், விழாமலிருக்க அது பெரியவரின் இடது கையைச் சுற்றி, மார்பையும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது.

அவர் கத்தவில்லை. முகம் மட்டும் சிவந்தது. "வால்" என்றார், மிகத் தாழ்ந்த குரலில்.

என் கைகள் என் சொல்லைக் கேட்கவில்லை. பெஞ்சு எங்கே என்று கண்கள் தேடின என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். "வால்" என்றார் மறுபடியும். இம்முறை குரலில் காற்றுக் குறைந்திருந்தது. பாய்ந்து வால்நுனியைப் பிடித்தேன். கிணற்று உருளையில் சிக்கிய தாம்புக்கயிற்றைப் பிரிப்பது போல் ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று பிரித்தேன். பிரியப் பிரிய அது இளகியது. இருவருமாக அதைப் பெரிய மரப்பெட்டியில் இறக்கி மூடினோம். பிறகு இருவரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

"நீங்கள் பாம்பு பிடிக்கிறவர் இல்லை" என்றார் பெரியவர்.

"அதைத்தான் மூன்று நாளாகச் சொல்கிறேன்!"

இருவரும் சிரித்தோம். சிரிப்பு ஓய்ந்த பிறகு அவர் சொன்னார்: "இந்த ஏழு மாதத்தில் இரண்டு தடவை தனியாகவே செய்தேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிரவு உட்கார்ந்து இதைப் பற்றிப் படித்தேன். மலைப்பாம்பு மூச்சை அடைத்துக் கொல்கிறது என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். அதே போல் இறுக்கிக் கொல்லும் போவா இனத்தை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள்: முதலில் நிற்பது மூச்சல்ல, இரத்த ஓட்டம், அதுவும் சில விநாடிகளில். இரையின் இதயத் துடிப்பை அது உணர்ந்து, துடிக்கும் வரை இறுக்குகிறது என்பதை 2012-இலேயே கண்டிருந்தார்கள். அப்படியென்றால் தனியாக இருப்பவனுக்குக் கூப்பிடவும் நேரமில்லை. இரண்டாவது ஆள் வீட்டில் எங்கோ இருந்தால் போதாது. கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும்.

மறுநாள் அவரிடம் கேட்டேன்: "இதைக் கொடுத்துவிடக் கூடாதா? அரசாங்கமே வாங்கிக்கொள்கிறதாமே?"

"வாங்கிக்கொள்கிறது. 2010-க்குப் பிறகு இங்கே யாரும் புதிதாக இதை வளர்க்கவும் முடியாது. இது 2009-இல் வந்தது. உரிமம் இருக்கிறது, சாகும் வரை வைத்திருக்கலாம். இரண்டடிக் குட்டியாக அவள் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள்."

பாம்புக்கு அந்த அம்மாளை நினைவிருக்குமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. நினைவு வைத்திருக்க வேண்டியவர் அவர்தானே?

நம் நாட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பது குற்றம். அது நல்லதற்குத்தான்.

தங்கையின் கணவர் நல்ல மரவேலைக்காரர். அந்தச் சனிக்கிழமை கூண்டின் நடுவே ஒரு தடுப்பும், வெளியிலிருந்தே கம்பியால் ஏற்றி இறக்கும் ஒரு கதவும் வைத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் பாம்பு போனதும் கதவை இறக்கிவிட்டு மறுபக்கத்தைக் கழுவலாம். தண்ணீர் மாற்றலாம். பாம்பைத் தொடவே வேண்டியதில்லை. பெரும் பாம்பைத் தனியாகக் கையாள்வதற்குப் பத்திரமான வழி ஒன்றே ஒன்றுதான்: கையாளாமலிருப்பது. பெரியவர் அந்தக் கதவை நாலைந்து முறை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டுமென்றால்?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த என் தங்கைதான் சொன்னாள். இத்தனை வருஷமாக அந்த வீட்டு ஜன்னலைக் கூடப் பார்க்காதவள்.

"அவர் வாலைப் பிடிக்கட்டும், அண்ணா. நான் தொலைபேசியோடு வாசற்படியில் நிற்கிறேன். அதற்கு மேல் என்னைக் கேட்காதே."