கோ-பிராசசரும் கிரிஸ்டலும்: சில குறிப்புகள்

பல்லடத்தில் தறிக்காரர் ஒருவரின் ஆபீஸ் பரணிலிருந்து ஐ.பி.எம். வகை பழைய எக்ஸ்.டி. கம்ப்யூட்டர் ஒன்று இறங்கியது. மூடியைத் திறந்தால் 8088 சிப்புக்குப் பக்கத்தில் 40 கால் சாக்கெட் ஒன்று காலி. 8087 என்ற மேத் கோ-பிராசசருக்கான இடம் அது. ஐ.பி.எம். 1981-ல் கொண்டுவந்த முதல் பி.சி.யிலேயே இந்த இடம் உண்டு.

•

8087-ன் பயன் என்ன? 5 மெகாஹெர்ட்ஸில் ஒரு வர்க்கமூலம் காண, மென்பொருள் வழியில் 19,600 மைக்ரோ செகண்ட், 8087-க்கு 36. இது இன்டெல் தந்த கணக்கு.

•

8088 எடுக்கும் கட்டளைகளை 8087-ம் கூடவே கவனித்துத் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். அதனால் இரண்டுக்கும் ஒரே கிளாக்தான். தறியில் பாவு விடுவதும் துணி சுருட்டுவதும் ஒரே ஓட்டத்தில் போவது போல. போர்டில் கிளாக் தரும் 14.31818 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை மூன்றால் வகுத்தால் 4.77. ஐ.பி.எம். பெட்டியில் இரண்டு சிப்பும் ஓடியது அந்த வேகத்தில்.

•

8087 சிப்பின் மேல் உள்ள வால் எண்ணைப் பார்க்க வேண்டும். வெறும் 8087 என்றால் 5 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும். 8087-2 என்றால் 8. 8087-1 என்றால் 10. மெதுவான போர்டில் 8087-1 போடலாம், கெடுதல் இல்லை, வேகமும் கூடாது. 8 மெகாஹெர்ட்ஸ் டர்போ போர்டில் வெறும் 8087 போட்டால் சூடேறி மெஷின் நின்றுவிடலாம். நிற்காமல் தப்பான விடை தந்தால் அது இன்னும் ஆபத்து.

•

1984-ல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கம்ப்யூட்டரில் நிலைமை மாறியது. அதன் 80286 பிராசசருக்கான கோ-பிராசசர் 80287 தனி வேகத்தில் ஓடக்கூடியது. போர்டின் 12 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கை 80286 இரண்டால் வகுத்து 6-ல் ஓடியது. 80287 அதையே மூன்றால் வகுத்து 4-ல் ஓடியது. எக்ஸ்.டி.யின் 4.77-ஐ விடக் குறைவு! இந்தக் குறையைத் தீர்க்கத்தான் பிறகு சில போர்டுகளில் 287-க்கென்று தனி ஆசிலேட்டர் வைத்தார்கள்.

•

அடுத்து வந்த 386 பிராசசரின் கோ-பிராசசரான 387-ஐப் பெரும்பாலும் 386-ன் வேகத்திலேயே ஓட்டினார்கள்: 33-க்கு 33. 1989-ல் 486 வந்தபோது கணக்குப் பகுதி பிராசசருக்குள்ளேயே போய்விட்டது.

•

டிராயிங் மென்பொருளான ஆட்டோகேட், 9-ஆம் ரிலீஸில் கோ-பிராசசரைக் கட்டாயமாக்கியது. கோவை, பல்லடம் பக்கம் அந்தக் காலத்து டிராயிங் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பழைய இரும்புக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள், உள்ளே அந்தச் சிப் இருக்கலாம். சிப் வாங்குவதானால் முதலில் போர்டின் கிளாக் வேகத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்குக் குறையாத சிப்பாக வாங்குங்கள். ஐ.பி.எம். பி.சி., எக்ஸ்.டி.யில் 8087-ஐப் பொருத்தியதும் முதல் ஸ்விட்ச் வரிசையில் 2-ஆம் ஸ்விட்சை ஆஃப் செய்ய மறக்காதீர்கள்.