தட்டேந்தும் கை

மைசூரில் குடியேறி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. சென்னை சென்று திரும்பும் போதெல்லாம், சாமுண்டி மலை கண்ணிற்பட்டவுடன் வீடு வந்துவிட்டதாகவே என் மனம் எண்ணிக்கொள்ளும். 2023-ஆம் ஆண்டில் ஒரு நாள் மாலை, மலை தெரிந்தது, வீடுதான் வரவில்லை.

அன்று காலை சென்னையில் என் தங்கை மகள், விமானப் பணிப்பெண்ணாகச் சேர விரும்புவதாகச் சொல்லி என் கருத்தைக் கேட்டாள். "படித்துப் பட்டம் பெற்றது தட்டேந்துவதற்கா, அம்மா?" என்றேன். "சரி மாமா" என்று தலைகுனிந்தாள். நல்லுரை கூறிவிட்ட நிறைவோடு விமானம் ஏறினேன்.

அது எழுபதுக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட சிறிய விமானம். 50 இருக்கைக்கு ஒருவர் என்ற விதிப்படி பணிப்பெண்கள் இருவர். மண்டகள்ளி நிலையத்தை நோக்கித் தாழ்ந்த விமானம் திடீரென மேலெழுந்தது. சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதை உணர்த்தும் விளக்குகளில் ஒன்று எரியவில்லை என்றும், ஆகவே பெங்களூர் செல்வதாகவும் விமானி அறிவித்தார். மண்டகள்ளியின் ஓடுபாதை 1,740 மீட்டர். பெங்களூரிலோ 4,000 மீட்டர்.

அருகிலிருந்த கன்னட மூதாட்டி என் கையை இறுகப் பற்றினார். ஆறுதல் கூற எனக்கு நா எழவில்லை. அப்போது பணிப்பெண்களுள் ஒருத்தி வந்தாள். என் தங்கை மகளின் வயதுதான் இருக்கும். "அஜ்ஜி" என்றழைத்து, நடந்ததை மறைக்காமல் கன்னடத்தில் விளக்கினாள். பின்பு என்னிடம், "தரையிறங்கும்போது எப்படிக் குனிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் செய்து காட்டுங்கள், ஐயா, அஜ்ஜி உங்களைப் பார்த்துச் செய்வார். வெளியேறச் சொன்னால் பையை விட்டுவிடுங்கள்" என்றாள். எனக்கொரு வேலை தந்து என் அச்சத்தையும் போக்கிவிட்டாள்!

என்ன பழுது, என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம் உண்டு, தனிக்கவனம் எதற்கு வேண்டும் என்னும் நான்கையும் விமானியிடம் அறிந்துகொண்டு செயற்படுவது அவர்களது பயிற்சி என்பதையும், பாதி வாயில்களே திறந்தாலும் 90 நொடிகளில் அனைவரையும் வெளியேற்றக் கூடியதாக விமானம் அமைய வேண்டும் என்பதையும் பின்னர்ப் படித்தறிந்தேன். வள்ளுவர் இடுக்கண் அழியாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அதனைக் கற்றவன் நான். அதன்படி நின்றவள் அவள்.

சக்கரங்கள் செவ்வனே இறங்கியிருந்தன, பழுது விளக்கில்தான். பேருந்தில் மைசூர் சேர நள்ளிரவாயிற்று. விடிந்ததும் தங்கை மகளை அழைத்து, "நேற்று நான் சொன்னது தவறு, அம்மா" என்றேன்.

2024 அக்டோபர் 11 அன்று, திருச்சியிலிருந்து ஷார்ஜா புறப்பட்ட விமானம் நீரியல் விசை அமைப்பு பழுதுற்று, 140-க்கும் மேற்பட்டோருடன் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வானில் வட்டமிட்டு நலமாய்த் தரையிறங்கியது. ஊரெல்லாம் விமானிகளைப் போற்றியது, போற்றத்தக்கவர்களே. நானோ, அவ்விரண்டு மணி நேரமும் இருக்கைகளின் நடுவே நடந்திருக்கக் கூடியவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். என் தங்கை மகளும் அன்று வேறொரு விமானத்தில் பணியில் இருந்தாள்.