பெட்டிக்குள் இருந்த நாயனம்

திருவிழா மேடைகளில் மெல்லிசைக் கச்சேரி கேட்டு வளர்ந்த நம் வயதுக்காரர்களுக்கு இது நினைவிருக்கும். மேடையில் நாதஸ்வரக்காரர் இருக்கமாட்டார். ஆனால் கல்யாணப் பாட்டு வந்தால் நாதஸ்வரம் கேட்கும். கீபோர்டு பையன் விரலை வைப்பான், நாயனம் பேசும். அந்த வேலையைச் செய்தது பெரும்பாலும் கீபோர்டு அல்ல. பக்கத்தில் இரும்புச் சட்டத்தில் மாட்டியிருந்த ஒரு தட்டையான பெட்டி. அதற்கு சாம்ப்ளர் என்று பெயர்.

டேப் ரெக்கார்டர் மாதிரி இதுவும் ஒலியைப் பதிவு செய்யும். ஆனால் பதிவான ஒலியைக் கீபோர்டின் எந்தக் கட்டையிலும் வைத்து வாசிக்கலாம். மேல் கட்டையை அமுக்கினால் வேகமாக ஓட்டி ஸ்ருதியைக் கூட்டும். கீழே அமுக்கினால் மெதுவாக ஓட்டிக் குறைக்கும். ஆஸ்திரேலியாவில் 1979-இல் ஃபேர்லைட் என்ற கருவி வந்தபோது சாமானியர் யாரும் கிட்டப் போகமுடியாத விலை. ஜப்பானின் அகாய் கம்பெனி 1986-இல் எஸ்900, 1988-இல் எஸ்1000 என்று வெளியிட்ட பிறகுதான் சிறிய ஸ்டூடியோக்களுக்கும் கைக்கு எட்டியது. 1992-இல் 'ரோஜா' வந்த பிறகு நம் ஊர்க் கச்சேரிகளிலும் ஜனங்கள் கேசட்டில் கேட்ட அதே சத்தத்தை மேடையில் எதிர்பார்த்தார்கள்.

எங்கள் வட்டாரத்துக் குழு ஒன்றுக்கு சிங்கப்பூரில் வேலை பார்த்த உறவினர் மூலமாக அகாய் எஸ்3000எக்ஸ்எல் வந்து சேர்ந்தது. குழுத் தலைவர் என் நண்பர். நான் தொலைபேசி நிலையத்தில் சால்டரிங் அயர்ன் பிடித்தே காலம் தள்ளியவன் என்பதால், வயர் அறுந்தாலும் ஃப்யூஸ் போனாலும் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வரும்.

அந்தப் பெட்டிக்கு ஒரு குணம். கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மாசி மகத்துக் கச்சேரியில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறினால், மறுபடி ஃப்ளாப்பியைப் போட்டு ஒலிகளை ஏற்றவேண்டும். அதுவரை அறிவிப்பாளர் நன்கொடையாளர்கள் பெயரை இரண்டாம் முறை வாசிப்பார்! அதோடு கம்பெனியிலிருந்து வரும்போது மெமரி 2 எம்.பி.தான். சி.டி. தரத்தில் ஒரு நொடிக்கு 88,200 பைட் தேவை. ஆக மொத்தம் 24 நொடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஃப்ளாப்பியில் சுமார் 18 நொடி. அதற்குள் தவில், உறுமி, நாயனம், கோரஸ் எல்லாம் அடங்கவேண்டும்.

நாயனத்தை வெளிநாட்டு டிஸ்கில் வாங்க முடியாது. எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரை நண்பர் வீட்டுக்கு அழைத்து வந்து வாசிக்கச் சொன்னார்கள். நானும் அன்று மைக் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் ஒவ்வொரு ஸ்வரமாக வாசிக்கச் சொன்னார்கள். கட்டையில் வைத்துப் பார்த்தால் ஹாரன் சத்தம் மாதிரி இருந்தது. நாயனத்தின் உயிர் ஸ்வரத்தில் மட்டும் இல்லை. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற கமகத்தில் இருக்கிறது. "தனித்தனியா கேட்டா எப்படிப்பா வரும்? பிடியா வாங்கிக்கோ" என்றார் பெரியவர். சின்னச் சின்னப் பிடிகளாக வாசித்துக் கொடுத்தார். முடிந்ததும் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "இதனால எனக்கு ஒரு கல்யாணம் குறையுமா தம்பி?" என்று கேட்டார். நண்பர் சிரித்து மழுப்பினார். பெரியவர் சிரிக்கவில்லை.

இருவருமே இன்று இல்லை. போன வருஷம் நண்பரின் மகன் அந்தப் பெட்டியைக் கொண்டு வந்தான். "மாமா, புதுக் கீபோர்டுல ஆயிரம் சவுண்டு இருக்கு, இந்த நாயனம் இல்ல. ஓட்டித் தர முடியுமா?" கூடவே ஒரு பிஸ்கட் டின்னில் ஃப்ளாப்பிகள். இரண்டின் மேல் நண்பரின் கையெழுத்தில் 'நாயனம் 1', 'நாயனம் 2'. பெரியவரின் பேரன் நெய்வேலியில் வேலை பார்க்கிறான். அவனிடம் கேட்டதில் தாத்தா வாசித்தது வேறு எங்குமே பதிவாகவில்லை என்று தெரிந்தது. கல்யாண வீடியோக்களில் அவர் வாசிப்பது தெரியும். ஆனால் எடிட்டிங்காரர் மேலே சினிமாப் பாட்டைப் போட்டு மூடியிருப்பார்.

எனவே பெட்டியைவிட அந்த இரண்டு தகடுகள்தான் முக்கியம் என்று முடிவு செய்தேன். அவற்றைத் தொடாமல் முதலில் பெட்டியைத் திறந்தேன்.

இப்படிப்பட்ட பவர் சப்ளைகளில் 230 வோல்ட் உள்ளே வந்ததும் 325 வோல்ட் டி.சி. ஆகி கெப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கியும் கொஞ்ச நேரம் இருக்கும், கை வைக்கக் கூடாது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் சில தலை உப்பியிருந்தன. உள்ளே இருக்கும் திரவத்திலிருந்து வாயு உண்டாகி அழுத்தம் கூடுவதால் வரும் வியாதி. சென்னை ரிச்சி தெருவிலிருந்து 105 டிகிரி தாங்கும் ரகம் வரவழைத்து மாற்றினேன். அதே பலகையில் இருந்த செராமிக் கெப்பாசிட்டர்கள் ஒன்றுகூடக் கெடவில்லை. சூளையில் வெந்தது அவ்வளவு லேசில் கெடாது என்று நம் விருத்தாசலத்துக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

திரையின் பின்வெளிச்சம் மங்கிப் போயிருந்தது. அது ஒளிரும் ஒரு மெல்லிய தாள். வயதானால் மங்கத்தான் செய்யும். புதுத் தாள் வெட்டி வைத்தேன். மெமரிக்குப் பழைய பென்டியம் கம்ப்யூட்டரில் இருந்த அதே 72 கால் பலகைகள் போதும். காயலான் கடையில் கிடைத்தவற்றைப் போட்டு 32 எம்.பி. ஆக்கினேன். இப்போது ஆறு நிமிஷத்துக்கு மேல் கொள்ளும்.

அடுத்தது ஃப்ளாப்பி. கம்ப்யூட்டரில் போட்டால் இந்தத் தகட்டின் அமைப்பு அதற்குப் புரியாது. "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். சரி என்று அமுக்கினால் எல்லாம் போச்சு. யூ.எஸ்.பி.யில் செருகும் டிரைவ்களும் பெரும்பாலும் இதைப் படிக்காது. ஆகவே பெட்டியின் பழைய டிரைவையே சுத்தம் செய்து, முக்கியமில்லாத தகடுகளைப் போட்டுச் சோதித்தேன். நாயனத் தகடுகளின் உலோக மூடியை நகர்த்திப் பார்த்தால் வெள்ளையாகப் பூஞ்சை. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து, தகட்டை மெல்லச் சுற்றிச் சுற்றித் துடைத்துக் காயவைத்தேன்.

முதல் தகடு முழுதாக ஏறியது. இரண்டாவதில் ஒரு பிடி மட்டும் எத்தனை முறை முயன்றும் வரவில்லை. அது போனது போனதுதான். மற்றவற்றை உடனே ஸ்கஸி இணைப்பில் மாட்டிய எஸ்.டி. கார்டு பலகையில் சேமித்தேன். இந்தப் பெட்டி ஒரு பகுதிக்கு 60 எம்.பி.க்கு மேல் ஏற்காது. நமக்கு அதுவே ஏராளம். எல்லாம் பத்திரமான பிறகுதான் பழைய டிரைவைக் கழற்றி, பென் டிரைவையே ஃப்ளாப்பியாகக் காட்டும் கோடெக் என்ற சின்னக் கருவியை வைத்தேன். அதற்கான ஃப்ளாஷ்ஃப்ளாப்பி என்ற மென்பொருள் இலவசம். அகாய் அமைப்பும் அதற்குத் தெரியும். ஒலியை உள்வாங்கி வெளியே தரும் பலகையில் மட்டும் கை வைக்கவில்லை. அந்தச் சத்தமே அதில்தான் இருக்கிறது.

பேரன் வந்து கேட்டான். சாம்ப்ளர்காரர்கள் வழக்கமாகத் தொடக்கத்தை நறுக்கிவிடுவார்கள், கட்டையை அமுக்கியதும் சத்தம் வரவேண்டும் என்பதற்காக. நண்பர் நறுக்காத பதிவுகளையும் வைத்திருந்தார். "தாத்தா மூச்சு இழுக்குற சத்தம் கேக்குது மாமா" என்றான். கம்ப்யூட்டரில் மாற்றி அவன் போனில் போட்டுக் கொடுத்தேன்.

நண்பரின் மகனிடம் ஒன்று சொன்னேன். இந்த நாயனத்தை மேடையில் வாசிக்கும்போது பெரியவர் பெயரை அறிவிக்க வேண்டும். முடிந்த கோயில்களில் உண்மையான நாயனக்காரரையே கூப்பிட வேண்டும். பெரியவர் கேட்ட கேள்விக்கு எங்களால் கொடுக்க முடிந்த பதில் அவ்வளவுதான். முதல் வேண்டுகோளை நிறைவேற்றுகிறான். இரண்டாவதற்கு விழாக் கமிட்டியைக் கை காட்டுகிறான்.

உங்கள் பரணிலும் ஃப்ளாப்பியோ கேசட்டோ இருக்கலாம். பெட்டியை எப்போது வேண்டுமானாலும் பழுது பார்க்கலாம். தகட்டில் பூஞ்சை ஏறிவிட்டால் சிரமம். முதலில் நகல் எடுங்கள், அதுவும் இரண்டு இடத்தில். மேலே யார் வாசித்தது என்று பெயரையும் எழுதிவையுங்கள்.